பயப்பட வேண்டிய இன்ஹேலர் எது?

வாசகர் கேள்வி:

டாக்டர், எனக்கு 38 வயசு, ஸ்கூல் டீச்சரா இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி சளி காய்ச்சல் வந்துட்டுப் போனதுல இருந்து வீசிங் ஆரம்பிச்சுது, சின்ன வயசுல எல்லாம் எனக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது. ஸ்பைரோமெட்ரின்னு ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு ஆஸ்துமான்னு சொல்லி ரெண்டு இன்ஹேலர் கொடுத்தாங்க. ஒண்ணு தினமும் காலைலயும் ராத்திரியும் எடுக்கணும், இன்னொண்ணு நீல கலர், மூச்சு வாங்குனா மட்டும். தினமும் எடுக்கச் சொன்னதுல ஸ்டீராய்டு இருக்காம். எடுக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே குரல் கம்மிருச்சு, நாக்குல வெள்ளை வெள்ளையா வந்துச்சு, என் வேலைக்குக் குரல் தானே முக்கியம். மாமியாரும் இதெல்லாம் பழகிட்டா விடவே முடியாதுன்னாங்க. வீசிங்கும் நின்னுருந்துச்சு, அதனால நிறுத்திட்டேன். இப்ப நீல இன்ஹேலர் மட்டும் தான், ஒரு நாளைக்கு நாலு தடவ, ரெண்டு ரெண்டு பஃப். அடிச்ச உடனே நல்லா இருக்கு. ஆனா விடியக்காலைல மூணு நாலு மணிக்கு இருமல்ல முழிப்பு வந்துருது. மூக்கு எப்பவும் அடைப்பு, வாசனையே தெரியறதில்ல. போன மாசம் முதுகு வலிக்கு ஒரு மாத்திரை போட்டேன், அன்னிக்கு ராத்திரி ரொம்ப மோசமாகி நெபுலைசர் வச்சாங்க. இன்ஹேலரை விட்டுட்டு மாத்திரைலயே சமாளிக்க முடியுமா? என் பொண்ணுக்கும் இது வருமா?

டாக்டர் பதில்:

வணக்கம் சகோதரி. உங்க லெட்டர் முழுக்க ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பத்தின பயம் தான் இருக்கு. எனக்கு பயமா இருந்தது நீங்க போகிற போக்குல எழுதுன அந்த நீல இன்ஹேலர் கணக்கு. நாலு தடவ, ரெண்டு பஃப்னா ஒரு நாளைக்கு எட்டு. வழக்கமா ஒரு இன்ஹேலர்ல 200 பஃப் இருக்கும், அப்ப 25 நாள்ல ஒண்ணு காலி, வருஷத்துக்கு 14 இன்ஹேலருக்கு மேல போகுது. வருஷத்துக்கு மூணு அல்லது அதுக்கு மேல தீந்தாலே ஆஸ்துமா திடீர்னு மோசமாகுற ஆபத்து கூடுதுன்னு வச்சிருக்காங்க, 12ஐத் தொட்டா உயிருக்கே ஆபத்து கூடுற லிஸ்ட்ல வந்துருவீங்க. உங்களைப் பயமுறுத்தணும்னு சொல்லல. ஆனா இந்த வாரமே போய் டாக்டரைப் பாருங்க, லீவு விடட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

ஏன் அப்படிங்குறதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இது புரிஞ்சுட்டா மத்த கேள்விக்கெல்லாம் பாதி பதில் கிடைச்சுரும். ஆஸ்துமான்னா மூச்சு வாங்கும்போது மட்டும் இருக்குற வியாதின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. நீங்க சிரிச்சுப் பேசிட்டு நல்லா இருக்குற நேரத்துலயும் மூச்சுக்குழாயோட உள் சுவர் சிவந்து வீங்கி, சின்னதா ஏதாவது பட்டாலே சுருங்குறதுக்குத் தயாரா இருக்கும். புகை, தூசி, குளிர் காத்து, ஒரு சாதாரண ஜலதோஷம், வாய்விட்டு ஒரு சிரிப்பு, ஏதோ ஒண்ணு பட்டதும் மூணு விஷயம் சேந்து நடக்கும்: குழாயைச் சுத்தி இருக்குற தசை இறுகும், சுவர் இன்னும் வீங்கும், கெட்டி சளி சுரந்து அடைக்கும். நீல இன்ஹேலர்ல இருக்குற சால்ப்யூட்டமால் இதுல முதல் விஷயத்தை மட்டும் தான் கவனிக்கும், தசையைத் தளர்த்தும், அவ்வளவு தான். வீக்கத்தைத் தொடவே தொடாது. கூரை ஒழுகுதுன்னு கீழ பாத்திரம் வச்சுட்டே இருக்குற கதை தான், தரை நனையாது, ஆனா கூரை அப்படியே தான் இருக்கும். வீக்கத்தைக் குறைக்கிற வேலை ஸ்டீராய்டோடது.

அடிச்ச உடனே நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, இந்த வியாதில ஆளை ஏமாத்துறதே அது தான். சில நிமிஷத்துல நெஞ்சு லேசாகுது, அப்ப இது தான் நல்ல மருந்துன்னு மனசு முடிவு பண்ணிருது. அந்த இன்னொரு இன்ஹேலரை எடுத்தா உடனே பெருசா ஒண்ணும் தெரியாது, வீக்கம் குறைய நாள் பிடிக்கும், முழுப் பலன் தெரிய வாரக்கணக்குல ஆகும். அதனால அது ஏதோ சும்மா கொடுத்த மாதிரி இருக்கும். இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. சால்ப்யூட்டமாலைத் தனியா தினமும் எடுத்துட்டே இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துலயே அந்த மருந்து போய் ஒட்டி வேலை செய்யுற இடங்கள், அதாவது ரிசப்டர்கள், மந்தமாகும், மூச்சுக்குழாய் முன்னைவிட சீக்கிரம் சீண்டப்படும், வீக்கமும் கூடலாம். உங்க மாமியார் சொன்ன அந்த "பழகிடும்" இருக்கே, அது பொருந்துறது அவங்க பயந்த இன்ஹேலருக்கு இல்ல, நீங்க தைரியமா அடிச்சுட்டு இருக்குற இன்ஹேலருக்கு.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 1960கள்ல பிரிட்டன்ல ஐசோபிரினலின்ங்குற, இதே மாதிரி தசையைத் தளர்த்துற மருந்தை அதிக டோஸ்ல இன்ஹேலரா கொடுத்த காலத்துல ஆஸ்துமா சாவு திடீர்னு எகிறுச்சு. அப்புறம் 1970கள் கடைசில நியூசிலாந்துல ஃபெனட்டெரால்ங்குற மருந்தோட அதே கதை, அதுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு தான் சாவு எண்ணிக்கை இறங்குச்சு. சால்ப்யூட்டமால் அந்த ரெண்டையும் விடப் பாதுகாப்பானது, அதுல சந்தேகமே இல்ல. ஆனாலும் 2019ல ஜினாங்குற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு அதோட வழிகாட்டுதல்ல ஒரு பெரிய மாற்றம் பண்ணுச்சு: 12 வயசுக்கு மேல இருக்குற யாருக்கும், ஆஸ்துமா எவ்வளவு லேசா இருந்தாலும், நீல இன்ஹேலரை மட்டும் தனியா கொடுத்து அனுப்பாதீங்க, கூட ஸ்டீராய்டு கண்டிப்பா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. அரை நூற்றாண்டு பழக்கத்தை மாத்துன விஷயம் அது. இன்னமும் நிறைய பேர் கைல நீலம் மட்டும் தான் இருக்கு.

சரி, ஸ்டீராய்டு பயத்துக்கு வருவோம். அந்தப் பேரைக் கேட்டதும் உடம்பு வீங்கும், சுகர் வரும், எலும்பு தேயும்னு தோணும், அது மாத்திரையா ஊசியா நிறைய எடுத்தா உண்மை தான். ஆஸ்துமா மோசமாகுறப்போ கொடுக்குற ப்ரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்னு போகும், அது ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்தும். இன்ஹேலர்ல இருக்குறது மைக்ரோகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு. உதாரணத்துக்கு புடெசோனைடுங்குற இன்ஹேலர் ஸ்டீராய்டுல குறைஞ்ச டோஸ்னா ஒரு நாளைக்கு 200ல இருந்து 400 மைக்ரோகிராம். மருந்து வேற வேறங்குறதால எண்ணை மட்டும் வச்சு ஒப்பிடுறது சரியில்ல தான், ஆனா நேரா நுரையீரலுக்குப் போற மருந்துக்கு இவ்வளவு கொஞ்சம் போதும், தப்பி வயித்துக்குள்ள போறதையும் பெரும்பாலும் கல்லீரலே செயலிழக்க வச்சிரும். இதுல இன்னொரு கூத்து என்னன்னா, இந்தச் சின்ன டோஸுக்குப் பயந்து நிறுத்துறவங்க தான் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ அட்டாக் வந்து பெரிய டோஸ் மாத்திரை சாப்பிடுறாங்க. எதுல இருந்து தப்பிக்கப் பாத்தாங்களோ அது அதிகமா உள்ள போகுது.

நிறுத்துனா திரும்ப வருதே, அது பழக்கம் இல்லையாங்குற கேள்வி வரும். பழக்கம்னா மருந்துக்கு உடம்பு ஏங்கும், டோஸ் ஏத்திட்டே போகணும். இங்க ரெண்டும் இல்ல. நிறுத்துனா வர்றது உங்க பழைய வீக்கம், மருந்து செஞ்ச வேலை இல்ல. சொல்லப் போனா ரெண்டு மூணு மாசம் நல்லா கட்டுப்பாட்டுல இருந்தா டாக்டரே டோஸைக் குறைச்சுட்டு வருவாங்க. வீசிங் நின்னதும் நீங்களா நிறுத்துனீங்களே, அது நின்னதே அந்த மருந்தால தான்.

குரல் கம்முனதும் நாக்குல வெள்ளை வந்ததும் கற்பனை இல்ல, அது உண்மையான பக்க விளைவு, அதையும் உங்களைத் திரும்ப எடுக்க வைக்கிறதுக்காக நான் பூசி மெழுகப் போறதில்ல. வெள்ளையா படிஞ்சது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, மருந்து நுரையீரலுக்குப் போகாம வாயிலயும் தொண்டையிலயும் படியுறதால வர்றது. அப்படிப் படிஞ்சதுன்னா ரெண்டு விஷயம் தெரியுது, ஸ்பேசர், அதாவது இன்ஹேலர்ல மாட்டுற பிளாஸ்டிக் குழாய், இல்லாம நேரா வாய்ல வச்சு அடிச்சிருக்கீங்க, அடிச்சுட்டு வாய் கொப்பளிக்கல. என் ஊகம் தான், ஆனா அனேகமா சரியா இருக்கும். இன்ஹேலரைத் தப்பா எடுக்குறவங்க தான் அதிகம், சரியா எடுக்குறவங்க கம்மி, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, பல நேரம் சொல்லிக் கொடுக்குற எங்க ஆளுங்களே தடுமாறுவாங்க.

அழுத்தி அடிக்கிற டைப் இன்ஹேலரா இருந்தா இப்படிப் பண்ணுங்க. மூடியைக் கழட்டி நல்லா குலுக்கி ஸ்பேசர்ல மாட்டுங்க, நிமிந்து உக்காந்து முதல்ல மூச்சை மெதுவா முழுசா வெளிய விடுங்க, இந்த முதல் படியைத் தான் நிறைய பேர் விட்டுருவாங்க, நெஞ்சுல ஏற்கனவே காத்து நிறைஞ்சிருந்தா மருந்து எங்க போகும். அப்புறம் ஸ்பேசரைப் பல்லுக்கு நடுவுல வச்சு உதட்டை இறுக்கி மூடி, ஒரு பஃப் அழுத்தி, அவசரப்படாம மூணுல இருந்து அஞ்சு செகண்ட் மெதுவா ஆழமா இழுங்க, பத்து செகண்ட் அடக்குங்க, முடியலன்னா முடிஞ்ச வரைக்கும். ரெண்டாவது பஃப்புக்குத் திரும்பக் குலுக்கி முதல்ல இருந்து. ரெண்டு பஃப்பையும் ஒண்ணா ஸ்பேசருக்குள்ள அடிச்சுட்டு இழுக்காதீங்க. பவுடர் டைப்பா இருந்தா கணக்கே தலைகீழ், குலுக்கவும் வேணாம் ஸ்பேசரும் வேணாம், ஆனா வேகமா பலமா இழுக்கணும், மெதுவா இழுத்தா பவுடர் அப்படியே உக்காந்திருக்கும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணில கழுவி தானா காய விடுங்க, துணி வச்சுத் துடைச்சா பிளாஸ்டிக்ல நிலை மின்சாரம் ஏறி மருந்து சுவர்லயே ஒட்டிக்கும்.

கொப்பளிக்கிறதை ஞாபகம் வச்சுக்கிறதுக்கு ஒரு சின்ன வழி, பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி இன்ஹேலர் எடுங்க, பிரஷ்ஷுக்குப் பக்கத்துலயே வச்சிருங்க, காலை ராத்திரி ரெண்டு டோஸும் மறக்காது, வாயும் தொண்டையும் தானா கழுவிரும், அந்தத் தண்ணியைத் துப்பிருங்க, முழுங்க வேணாம். இத்தனையும் பண்ணியும் குரல் கம்முதுன்னா, டீச்சர்னு மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. டோஸைக் குறைக்கலாம், டிவைஸை மாத்தலாம், வேற ஸ்டீராய்டுக்குப் போகலாம். வழி நிறைய இருக்கு, நிறுத்துறது மட்டும் அதுல இல்ல.

மாத்திரைல சமாளிக்க முடியுமான்னு கேட்டீங்க. சால்ப்யூட்டமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம்னா, ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் கணக்குல அது 40 பஃப்புக்குச் சமமான அளவு. அவ்வளவையும் முழுங்கி ரத்தம் வழியா நுரையீரலுக்கு அனுப்பணும், வேலை செய்யவும் லேட்டாகும், கை நடுங்கும், படபடப்பு வரும். மாண்டெலுகாஸ்ட் மாத்திரை சிலருக்குத் துணையா உதவும், ஆனா ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு ஈடு இல்ல, அதுக்கும் 2020ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு மனநிலை மாற்றம், தூக்கக் கோளாறு பத்தி கடுமையான எச்சரிக்கை போட்டாங்க. ஆக மாத்திரை தான் மென்மையானது, இன்ஹேலர் தான் கடைசி ஆயுதம்ங்குறது நேர் தலைகீழ். நெபுலைசரும் அப்படித் தான், பாக்க பெரிய மெஷின், உள்ள போறது பெரும்பாலும் அதே சால்ப்யூட்டமால் தான். அட்டாக் ரொம்பக் கடுமையா இல்லாதப்போ ஸ்பேசரோட இன்ஹேலரே அதே வேலையைப் பாத்துரும்.

இப்ப நீங்க கடைசில எழுதுன அந்த முதுகு வலி மாத்திரை. லெட்டரை ரெண்டாவது தடவ படிக்கும்போது என் பென்சில் நின்ன இடம் அது தான். பெரியவங்களானப்புறம் ஆரம்பிச்ச ஆஸ்துமா, எப்பவும் மூக்கடைப்பு, வாசனை தெரியல, வலி மாத்திரை போட்ட அன்னிக்கு ராத்திரி நெபுலைசர் வைக்கிற அளவுக்கு அட்டாக். இந்த நாலும் ஒரே ஆள்கிட்ட இருந்தா ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் ஒத்துக்காத ஆஸ்துமாவா இருக்கலாம்னு யோசிக்கணும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை போட்டு அரை மணியில இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள மூக்கு ஒழுகி, அடைச்சு, நெஞ்சு இறுகும். இப்படிப்பட்டவங்களுக்கு மூக்குக்குள்ள பாலிப்னு சதை வளந்திருக்குறது சகஜம், வாசனை போறதுக்கும் அது தான் காரணமா இருக்கும். உங்களுக்கு அது தான்னு இங்க இருந்து முடிவு சொல்ல முடியாது, ஆனா அந்த மாத்திரையோட பேர், எத்தனை மணிக்குப் போட்டீங்க, எப்ப ஆரம்பிச்சுதுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயும் காட்டுங்க. அதுவரைக்கும் இந்த வகை வலி மாத்திரை எதையும் தொடாதீங்க, ஜலதோஷத்துக்கு விக்கிற கலவை மாத்திரைக்குள்ளயும் இது ஒளிஞ்சிருக்கும். வலிக்கு என்ன போடலாம்னு டாக்டரையே கேளுங்க, வழக்கமான டோஸ்ல பாராசிட்டமால் பெரும்பாலானவங்களுக்கு ஒத்துக்கும். பீட்டா பிளாக்கர்னு சொல்ற பிபி மாத்திரையும், கண் பிரஷருக்குப் போடுற டிமோலால் சொட்டு மருந்தும் கூட ஆஸ்துமாவைக் கிளப்பும், அதனால எந்த டாக்டர்கிட்ட எதுக்குப் போனாலும் எனக்கு ஆஸ்துமான்னு முதல்லயே சொல்லிருங்க.

விடியக்காலை இருமலுக்கு வருவோம். மூச்சுக்குழாய் ஒரு நாள்ல ரொம்பச் சுருங்கியிருக்குற நேரமே விடியக்காலை நாலு மணி சுமார் தான், எல்லாருக்கும் அப்படித் தான், ஆஸ்துமா உள்ளவங்களுக்கு அது பெருசா தெரியும். மெத்தை தலைகாணில இருக்குற தூசிப் பூச்சி, படுத்தா மேல ஏறுற நெஞ்செரிச்சல் இதெல்லாம் சேந்துக்கும். படுக்கை விரிப்பு உறையெல்லாம் வாரம் ஒரு தடவ 60 டிகிரி சூடுள்ள தண்ணில துவைங்க, ஆனா அதை மட்டும் நம்பி உக்காராதீங்க, ஆஸ்துமாவால தூக்கம் கலையுதுன்னாலே நோய் கட்டுப்பாட்டுல இல்லன்னு அர்த்தம். கடந்த நாலு வாரத்துல பகல்ல வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தொந்தரவு, ராத்திரி ஒரு தடவையாவது முழிப்பு, வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல நீல இன்ஹேலர், வேலை செய்ய முடியாமப் போறது, இதுல ஒண்ணு இருந்தாலே கவனிக்கணும். உங்களுக்கு ரெண்டாவதும் மூணாவதும் நிச்சயமா இருக்கு.

டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: என் தினசரி இன்ஹேலர்ல ஃபார்மோடெரால்ங்குற மூச்சுக்குழாயைத் தளர்த்துற மருந்து இருக்கா? ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் சேந்த இன்ஹேலரா இருந்தா தினமும் எடுக்குறதோட மூச்சு வாங்குறப்பவும் அதையே எடுத்துக்குற முறை ஒண்ணு இருக்கு, அது சில நிமிஷத்துல வேலை செய்யும், ஒவ்வொரு தடவையும் கூடவே கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ள போயிரும். உங்களை மாதிரி தினசரி டோஸை விட்டுட்டு அவசரத்துக்கு மட்டும் எடுக்குறவங்களுக்கு இது தான் பாதுகாப்பு. ஆனா சால்மெடெரால் சேந்த இன்ஹேலரை அப்படி எடுக்கக் கூடாது, பேர் ரெண்டும் காதுல ஒண்ணு மாதிரி விழும், நீங்களா முடிவு பண்ணாதீங்க.

அவசரத்துக்கு என்ன பண்றதுன்னு எழுதி வாங்கிட்டு வந்து வீட்டுல எல்லாருக்கும் தெரியுற இடத்துல ஒட்டுங்க. மூச்சை எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு அளக்குற பீக் ஃப்ளோ மீட்டர் வச்சு ஊதிப் பாக்குற பழக்கம் இருந்தா நல்லது, உங்களோட சிறந்த அளவுல 80 சதவீதத்துக்குக் கீழ போனா உஷார், 50க்குக் கீழ போனா ஆஸ்பத்திரி. மீட்டர் இல்லாமலும் தெரியும்: ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியாம ரெண்டு ரெண்டு வார்த்தையா வருது, கழுத்துக் குழியும் விலா நடுவும் உள்வாங்குது, உதடு நீலமாகுது, நீல இன்ஹேலர் அடிச்சும் கேக்கல இல்ல நாலு மணி நேரம் கூடத் தாங்கலன்னா காத்திருக்காதீங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் படுக்காம உக்காந்து, ஸ்பேசர்ல ஒரு பஃப், நாலஞ்சு மூச்சு, அடுத்த பஃப்னு பத்து வரைக்கும் எடுக்கலாம். முக்கியமா, சத்தமா வீசிங் இருந்துட்டு திடீர்னு சத்தம் அடங்கி ஆளும் சோர்ந்து போனா சரியாகிருச்சுன்னு நினைச்சுராதீங்க, சத்தம் போடுற அளவுக்குக் கூட காத்து போகலன்னு அர்த்தம்.

பொண்ணு விஷயம்: இது தொத்து இல்ல. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தா பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் தான், வந்தே தீரும்னு கிடையாது. வீட்டுக்குள்ள யாரும் சிகரெட் பிடிக்காம பாத்துக்கோங்க. அடிக்கடி ராத்திரி இருமல், ஓடி விளையாடுனா இளைப்புன்னு பாத்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

தினசரி இன்ஹேலரை எந்த டோஸ்ல திரும்ப ஆரம்பிக்கணும்னு டாக்டருக்கு இன்னிக்கே போன் பண்ணிக் கேட்டுருங்க, அப்பாயின்ட்மென்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேணாம். நேர்ல போறப்போ ரெண்டு இன்ஹேலரையும், ஸ்பேசர் இருந்தா அதையும், அந்த வலி மாத்திரை அட்டையையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டுப் போங்க. ரூம்ல உக்காந்ததும் அவங்க முன்னாடியே ஒரு டோஸ் எடுத்துக் காட்டி, எங்க தப்பு பண்றேன்னு பாருங்க டாக்டர்னு கேளுங்க.